லகூனா மாத்ரேயில் டனல் ஹல் படகு: சில வருட அனுபவம்

டெக்சஸில் கார்பஸ் கிறிஸ்டிக்குத் தெற்கே நீளும் லகூனா மாத்ரே உப்பங்கழியில் பல இடங்களில் தண்ணீர் முழங்கால் அளவுதான். நான் பிடிக்கப் போகும் ரெட்ஃபிஷ் மீன்கள் மேய்வதும் அங்கேதான். அதற்காகவே 18 அடி டனல் ஹல் படகு ஒன்றை, பின்புறம் வெளியே மாட்டும் 90 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டாரோடு பழசாக வாங்கினேன்.

டனல் ஹல் என்றால், படகின் அடியில், பின்பக்கம் நடுவில் ஒரு குடைவு இருக்கும். ஓடும்போது தண்ணீர் அதன் வழியே மேலேறி வருவதால் ப்ரொப்பெல்லரையும் அந்த உயரத்துக்குத் தூக்கி வைக்கலாம். தண்ணீரோடு காற்றும் வருவதுதான் தொல்லை. காற்று கலந்த நீரில் ப்ரொப் பிடிப்பை இழந்து வெறுமனே சுற்றும். இன்ஜின் அலறும், படகு நகராது.

இதனால் எவ்வளவு வீணாகிறது என்று பார்க்க எளிய கணக்கு உண்டு. இன்ஜினின் நிமிடச் சுற்றுகளை ப்ரொப்பின் பிட்ச் (சறுக்காமல் ஒரு சுற்றில் அது முன்னேறும் தூரம்) அங்குலத்தால் பெருக்கி, கியர் விகிதத்தாலும் (ப்ரொப் ஒருமுறை சுற்ற இன்ஜின் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பது) 1056 ஆலும் வகுத்தால், சறுக்கலே இல்லாதபோது மணிக்கு எத்தனை மைல் போக வேண்டும் என்பது கிடைக்கும். 15 பிட்ச், 5500 சுற்று, 2.15 விகிதம்: 36 மைல் வர வேண்டும். ஜிபிஎஸ் காட்டியது 27. வர வேண்டிய வேகத்தில் கால்வாசி சறுக்கலில் போகிறது. இந்த நிலையில் பெரிய இன்ஜின் மாட்டச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். எடை கூடி பின்பக்கம் இன்னும் அமிழும். குடைவு இருப்பதால் அங்கே மிதப்பு ஏற்கெனவே குறைவு.

எனக்குப் பலன் தந்தது ப்ரொப் மாற்றம்தான். இதழ் விளிம்பு நன்றாக வளைந்த நாலு இதழ் ஸ்டெயின்லெஸ், 13 பிட்ச். இப்போது 5800 சுற்றில் 28 மைல். சறுக்கல் 16 சதவீதம் அளவுக்கு இறங்கிவிட்டது. உச்ச வேகத்தில் ஒரு மைல்தான் கூடியது, சரி. ஆனால் படகு சட்டென்று நீர்மட்டத்துக்கு மேலே எழுந்து ஓடுகிறது. ஆழமில்லாத இடத்தில் வேண்டியதே அதுதான். கடற்புல்லை ப்ரொப்பால் பிடுங்குவது 2013 முதல் டெக்சஸில் சட்டப்படி குற்றம், அதனால் மெதுவாக உழுதுகொண்டே கிளம்பும் பேச்சுக்கே இடமில்லை.

அப்புறம் ஹைட்ராலிக் ஜாக் பிளேட், அதாவது படகுக்கும் மோட்டாருக்கும் நடுவே பொருத்தும் தாங்கி. மோட்டாரை ஏற்றி இறக்குவதோடு சற்றுப் பின்னாலும் தள்ளி வைக்கிறது. அங்கே குமிழி குறைந்த நீர் கிடைக்கிறது. ஆனால் தண்ணீர் அழுத்த மீட்டர் இல்லாமல் இதைத் தொடாதீர்கள். மோட்டார் ஏற ஏற, குளிரூட்டும் நீரை இழுக்கும் துளைகளும் மேலே வந்து காற்றை உறிஞ்சும். முள் விழத் தொடங்கினால் நான் உடனே இறக்கிவிடுவேன். மணல் கலந்த நீர் என்பதால் பம்பில் நீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரை வருடாவருடம் மாற்றுகிறேன்.

பேட்டரிகளை முன்னால் நகர்த்தியது காசில்லாத வேலை, நல்ல பலன். படகின் பின்விளிம்பில் டிரிம் டேப் என்ற சாய்க்கக்கூடிய தகடுகளைப் பொருத்தியதும் உதவியது. கூர்மையாகத் திரும்பினால் இன்னும் பிடிப்பு போகிறது. ரிவர்ஸில் படகு சொன்ன பேச்சு கேட்பதே இல்லை. காற்றடிக்கும் நாளில் துறையில் கட்டும்போது கையில் ஒரு நீளக் கழி இருக்கட்டும்.