ஷீஷம் சாப்பாட்டு மேசை: மேலே குறையில்லை, கோளாறெல்லாம் அடியில்

ஆறு பேர் உட்காரும் இந்த ஷீஷம் (வட இந்திய ரோஸ்வுட் வகை மரம்) மேசையின் விலை இறங்கியதிலிருந்து, வாங்கலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அளவும் எடையும் விளம்பரத்திலேயே இருக்கின்றன. அதில் இல்லாதது, மேற்பலகையைச் சட்டத்தோடு முடுக்கியிருக்கும் விதம். பல வருஷம் புழங்கிய பிறகும் எனக்கு ஆத்திரம் தருவது அது ஒன்றுதான்.

காற்றில் ஈரப்பதம் 40 விழுக்காடாக இருக்கும் ஊரில் மரத்துக்குள் ஈரம் 7, 8 விழுக்காட்டில் நிற்கும். 75 விழுக்காட்டில் அது 14 வரை ஏறும். ராஜஸ்தானின் வறண்ட காற்றில் செய்த மேசை சென்னைக்கு வந்தால் பலகை உப்பத்தான் செய்யும். நீளவாக்கில் அநேகமாக அசையாது. நாரோட்டத்துக்குக் குறுக்கே, 90 செ.மீ. அகலத்தில் சில மில்லிமீட்டர் விரியும். இந்த மேசையில் சுற்றிலும் திருகு போட்டு அந்த அசைவுக்கு இடமே வைக்கவில்லை. மழைக்காலத்தில் விரிய முடியாமல் நார்கள் உள்ளுக்குள் நசுங்குகின்றன. பிறகு ஏசி ஓடும் அறையில் ஈரம் இறங்கும்போது பலகை முன்னைவிடக் குறுகப் பார்க்கிறது. திருகு விடுவதில்லை. கடைசியில் ஓரத்து ஒட்டு வாய் பிளக்கிறது. மரத்தின் மேல் பழி போடாதீர்கள். இது முழுக்க செய்தவர்களின் அலட்சியம்.

போதாக்குறைக்கு, மேலே கண்ணாடிபோல் பியூ (பாலியூரித்தேன்) பாலிஷ், அடியில் பூச்சே இல்லாத வெறும் மரம். ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்தால் பலகை வளையாமல் என்ன செய்யும்?

சரிசெய்ய அரைநாள் வேலை, பூச்சு உலர மேலும் நாள் பிடிக்கும். மழையில்லாத நாளாகப் பாருங்கள். ஈரக்காற்றில் பூச்சு வெளுத்துப்போகலாம். இரண்டு பேராகத் தூக்கி, கம்பளி விரித்து மேசையைக் கவிழ்த்து, பலகையைக் கழற்றுங்கள். அடிப்பக்கத்தை 180 உப்புத்தாளால் தேய்த்து பியூ மெல்லிசாக ஒரு கோட். மறுநாள் 240 தாளால் லேசாகத் தடவி இன்னொரு கோட். குறுகிய பக்கச் சட்டங்களின் நடுவில் உள்ள திருகுகள் இருந்தபடியே இருக்கட்டும். மற்ற ஆங்கிள்களில் (பலகையைச் சட்டத்தோடு பிடிக்கும் L வடிவத் துண்டுகளில்) துளையை நாரோட்டத்துக்குக் குறுக்காக 10 மி.மீ. நீளத்துக்கு இழுத்துவிடுங்கள்: பக்கத்தில் இன்னொரு துளை போட்டு உருண்டை அரத்தால் இரண்டையும் சேர்த்தால் போதும். வாஷர் வைத்து, உருண்டைத் தலைத் திருகை முடுக்கிவிட்டு கால் சுற்று தளர்த்துங்கள். பலகை 25 மி.மீ. கனம்தான், திருகு அதற்குள் 15 மி.மீ.க்கு மேல் இறங்கக் கூடாது.

விரிசலில் உடனே மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து அடைக்காதீர்கள். அது இறுகியபின் மழைக்காலத்தில் பலகை உப்பும்போது ஆப்பு மாதிரி நின்று பக்கத்தில் புது வெடிப்பு உண்டாக்கும். திருகைத் தளர்த்தினால் மெல்லிய பிளவு அடுத்த மழையில் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும்.

அன்றாடப் பராமரிப்புக்கு நன்றாகப் பிழிந்த துணி, அடுத்து உலர்ந்த துணி, அவ்வளவே. தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது உலராத எண்ணெய், பிசுக்காகித் தூசி பிடிக்கும். சிலிக்கான் கலந்த பளபளப்பு ஸ்ப்ரேயும் வேண்டாம். பின்னால் பாலிஷ் அடிக்கும்போது பூச்சு ஒட்டாமல் குழி குழியாக விலகும். சூடான பாத்திரம் வைத்து விழுந்த வெள்ளை வளையத்துக்கு, பருத்தித் துணி போட்டு, நீராவி இல்லாத இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் சில விநாடி ஓட்டி எடுத்துப் பாருங்கள். வெளிர்நிறப் பகுதியில் குண்டூசித் துளையும் மாவுபோன்ற தூளும் கண்டால், துடைத்துவிட்டு அடியில் கறுப்புத் தாள் விரியுங்கள். மறுபடி தூள் விழுந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. கருத்த வைரப் பகுதியை, அதாவது மரத்தின் முற்றிய உட்பகுதியை, அது அனேகமாகத் தொடாது.

அந்த வைரத்தின் அழகுக்கு ஈடு சொல்ல முடியாது. வருஷங்கள் போகப் போக நிறம் ஆழமாகிறது, கால்கள் இம்மி ஆடவில்லை, கீறல்கூட ரேகையோடு கலந்துவிடுகிறது. இருந்தும் இந்த மேசையை வாங்கச் சொல்ல மாட்டேன், இறங்கிய விலைக்கும். இவ்வளவு நல்ல மரத்தை இப்படி முடுக்கியவர்களுக்குக் காசு போவதில் எனக்குச் சம்மதமில்லை. வேறு கடையில் ஷீஷம் பார்ப்பதானால் பாலிஷை விட்டுவிட்டுக் குனிந்து அடியைப் பாருங்கள். பூச்சு இருக்கிறதா, திருகுத் துளை நீளவாட்டமா வட்டமா என்று பார்த்த பிறகு விலை பேசுங்கள்.