டாக்டர் ஹூ ஸ்கார்ஃபா, நீலப் பெட்டியா, ஃப்ளக்ஸ் கெபாசிட்டரா?

காலப்பயணக் கதைகளில் பைத்தியமாக இருப்பவர்கள், கையால் எதையாவது செய்து பார்க்கலாம் என்று இறங்கினால் அடிக்கடி கண்ணில் படுபவை மூன்று. 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் டிவி தொடரின் நாயகன் 'டாக்டர்' ஒரு காலப்பயணி, அவராக நடிப்பவர் அவ்வப்போது மாறுவார்; அதில் நாலாவது டாக்டராக வந்த டாம் பேக்கரின் நீள ஸ்கார்ஃப், போலீஸ் பெட்டி உருவத்தில் இருக்கும் அவரது கால வாகனமான டார்டிஸ் என்கிற நீலப் பெட்டி, 'பேக் டு த ஃப்யூச்சர்' படத்தில் டெலோரியன் காருக்குள் மின்னும், காலப்பயணத்தைச் சாத்தியமாக்கும் கருவியான ஃப்ளக்ஸ் கெபாசிட்டர். முதல் தடவை செய்பவருக்கு என் ஓட்டு ஸ்கார்ஃபுக்குத்தான்.

நீலப் பெட்டி ஆளை ஏமாற்றும். நாலு சுவர், ஒரு கூரை, மேலே ஒரு விளக்கு, அவ்வளவுதானே என்று தோன்றும். லண்டன் போலீஸுக்காக கில்பர்ட் மெக்கன்சி ட்ரெஞ்ச் 1929-ல் வடிவமைத்த தொலைபேசிப் பெட்டி அது. நிஜத்தில் கான்கிரீட், கதவு மட்டும் தேக்கு. சன்போர்டில் வெட்ட உட்கார்ந்தால்தான் வேலை புரியும். ஒரு பக்கத்துக்கு எட்டுக் கட்டம், அதில் மேலிரண்டும் ஜன்னல், ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஆறு கண்ணாடி. நாலு பக்கமும் சேர்த்தால் 48 குட்டிச் சதுரங்கள், எல்லாம் பிளேடால். கூரை படிப்படியாக ஒடுங்க வேண்டும். அதைத் தட்டையாக விட்டால் நீல ஃப்ரிட்ஜ் மாதிரி நிற்கும். நீலத்தின் சாயலும் ஜன்னலின் அளவும் தொடரிலேயே பலமுறை மாறியிருப்பதால், எந்த வருஷத்துப் பெட்டி என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். அப்புறம், 'புல் டு ஓபன்' (இழுத்துத் திறக்கவும்) என்ற பலகையைப் பார்த்துக் கதவுக்குக் கைப்பிடி வைத்துவிடாதீர்கள். அது தொலைபேசி இருக்கும் சின்ன மூடிக்கான குறிப்பு. டாக்டர் பெரும்பாலும் கதவை உள்ளே தள்ளித்தான் திறக்கிறார்.

ஃப்ளக்ஸ் கெபாசிட்டர் சால்டரிங் தெரிந்தவர்களுக்கான சமாச்சாரம். சாம்பல் நிற மின்பெட்டிக்குள் ஒய் வடிவத்தில் மூன்று குழாய். வெளிமுனையிலிருந்து நடுவை நோக்கி வெளிச்சம் ஓட வேண்டும். ஆர்டுயினோ மாதிரி புரோகிராம் எழுதும் போர்டு தேவையே இல்லை, துடிப்பு தரும் 555 சிப் ஒன்றும், அதை எண்ணி ஒவ்வொரு வெளியீடாக நகரும் 4017 சிப் ஒன்றும் போதும். 4017-ன் ஒவ்வொரு வெளியீடும் மூன்று குழாய்களிலும் ஒரே இடத்தில் உள்ள எல்இடிகளை எரிய வைக்கும். நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் வையுங்கள், அத்தனை மின்னோட்டத்தை 4017-ஆல் நேரடியாகத் தர முடியாது. 'கண்ணை மறைத்துக்கொள்ளவும்' என்ற பொருளில் சிவப்பு நாடாவில் புடைப்பெழுத்தாக ஒட்டியிருக்கும் அந்த லேபிளை விட்டுவிடாதீர்கள். பாதி அழகு அதில்தான். மூன்றில் சீக்கிரம் முடிவதும், வீட்டுக்கு வருகிறவர்கள் உடனே அடையாளம் கண்டு சிரிப்பதும் இதுதான். ஸ்விட்சை அணைத்தால் வெறும் கரண்ட் பெட்டி.

சரி, ஸ்கார்ஃபுக்கு வருவோம். 1974-ல் ஆடை வடிவமைப்பாளர் ஜேம்ஸ் அச்சிசன் பல நிற உல்லன் நூலை பெகோனியா போப் என்ற பின்னல்காரரிடம் கொடுத்தார். வேண்டியதை எடுத்துக்கொள்வார் என்று இவர் நினைத்திருக்க, அந்த அம்மாள் மொத்த நூலையும் பின்னித் தீர்த்துவிட்டார். அந்த நீளம் பேக்கருக்குப் பிடித்துப்போக, அதுவே டாக்டரின் அடையாளமானது. அதாவது, மற்ற இரண்டிலும் நாம் ஓர் அச்சு அசலைத் துரத்துகிறோம். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் தெரியும். ஸ்கார்ஃபின் அசலே கைத்தவறில் பிறந்தது. பின்னால் வெட்டினார்கள், நீட்டினார்கள், இரட்டைப் பிரதியும் செய்தார்கள். உங்கள் பட்டை நாலு வரிசை கூடினால் யார் கேட்பது?

தொழில்நுட்பமும் எளிது. முன்னும் பின்னும் ஒரே வகைக் கண், பர்ல் என்ற எதிர்ப்பக்கக் கண்ணைக் கற்க வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது நிறம் மாற்றும் இடம். எப்போதும் முன்பக்க வரிசையின் தொடக்கத்திலேயே மாற்றுங்கள். கோடு சுத்தமாக விழும், புள்ளி புள்ளியான கலப்பு பின்பக்கம் போய்விடும். நூல் முனைகளை அன்றன்றே ஊசியால் உள்ளே செருகிவிடுங்கள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பின்னியதைவிட அதுவே பெரிய வேலையாகிவிடும். இந்தப் பின்னல் தன் எடையிலேயே இழுபடும், அதனால் ஆணியில் தொங்கவிடாமல் மடித்து வையுங்கள். சென்னை வெயிலில் சுற்றிக்கொள்ள முடியாது என்பது உண்மைதான், கொடைக்கானலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

விற்கும் எண்ணமிருந்தால் மட்டும் ஜாக்கிரதை. போலீஸ் பெட்டி உருவத்தின் வணிக முத்திரைக்காக லண்டன் போலீஸ் எதிர்த்தும், 2002-ல் வென்றது பிபிசிதான். 2008-ல் ஒரு ரசிகை இலவசமாகக் கொடுத்த டாக்டர் ஹூ பொம்மைப் பின்னல் குறிப்புகளை வைத்து வேறு யாரோ பொம்மை செய்து இபேயில் விற்க, குறிப்புகளை எடுத்துவிடச் சொல்லி பிபிசி அந்த ரசிகையிடமே வந்து நின்றது.