பவளத் தொட்டியில் யாரைச் சேர்க்கலாம், யாரைத் தவிர்க்கலாம்: நீண்ட கால வளர்ப்பு அனுபவம்

மீன் கடையில் கண்ணாடியின் மேல் ஒட்டியிருக்கும் ‘ரீஃப் சேஃப்’ (பவளத்துக்குத் தீங்கு செய்யாது) என்ற சீட்டை நம்பி நான் எதையும் வாங்குவதில்லை. முதலில் மீனின் வாயைப் பார்ப்பேன். பிறகு, அது கடலில் எதைத் தின்று வாழ்கிறது என்று படிப்பேன். பவளத்துக்குத் தீங்கு வருமா என்பது பெரும்பாலும் இந்த இரண்டிலேயே தெரிந்துவிடும். சின்ன வாய், சற்றே மேல்நோக்கித் திறக்கிறது என்றால் அது நீரோட்டத்தில் மிதந்து வரும் சிற்றுயிர்களைக் கொத்தும் மீன், பவளத்தைச் சீண்டாது. கிடுக்கி போல நீண்டு குவிந்த வாய் என்றால் பாறை இடுக்கிலும் பவளத்தின் மேலும் பிடுங்கித் தின்னும் மீன். பற்கள் ஒன்றுசேர்ந்து அலகாகிவிட்ட கிளிமீனையும் பேத்தையையும் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவை பவளக் கல்லையே கடித்து உடைக்கும்.

என்னுடையது சிங்கப்பூரில், அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் இருக்கும் நான்கு அடித் தொட்டி. ஏறத்தாழ 400 லிட்டர். இந்த ஊர் வெயிலுக்குக் குளிர்விப்பான் இல்லாமல் முடியாது. தண்ணீரை 26 டிகிரியில் வைத்திருக்கிறேன். மேல் பாறையில் அக்ரோபோரா என்னும் கிளைப் பவளம், மாண்டிபோரா. நடுவில் நீண்ட உணர்கொம்புகளை விரிக்கும் டார்ச், ஹாமர் பவளங்கள். மணலில் டிராக்கிஃபில்லியா. ஓரமாக ஸோவாந்தஸ் என்னும் மென்மையான, பூப்போன்ற உயிர்களின் கூட்டம். இந்தப் பட்டியலை ஏன் சொல்கிறேன் என்றால், ‘இந்த மீன் பவளத்தைத் தின்னுமா’ என்ற கேள்விக்கு, ‘எந்தப் பவளத்தை’ என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. அக்ரோபோராவை ஏறெடுத்தும் பார்க்காத மீன், சதைப்பற்றுள்ள டிராக்கிஃபில்லியாவைக் குதறிவிடும்.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் கல்பவளங்கள் யாவும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் இருந்து ஒரு துண்டு எடுப்பதும் குற்றம். யாராவது ‘ராமேஸ்வரம் பவளம்’ என்று விற்க வந்தால் வாங்காதீர்கள்.

கவலையில்லாத மீன்களைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. ஒசெல்லாரிஸ் கோமாளி மீன், ராயல் கிராமா, ஃபயர்ஃபிஷ், ஆந்தியாஸ், ஃபேரி ராஸ், சின்னக் கோபிகள் ஆகியவை ஆண்டுக்கணக்கில் என் பவளங்களோடு வாழ்கின்றன. ஒரு கடி கூட விழுந்ததில்லை. கோமாளி மீன் மட்டும் அனிமோன் என்னும் கடல்சாமந்தி கிடைக்காவிட்டால் டார்ச் பவளத்துக்குள் குடியேறும். கடிக்காது, ஆனால் ஓயாமல் உரசும். பெரிய டார்ச் என்றால் தாங்கும். இரண்டு தலை மட்டுமே உள்ள இளம் துண்டு என்றால் பல நாள் விரியாமல் சுருங்கிக் கிடக்கும். அந்தத் துண்டை மீன் எட்டாத இடத்துக்கு மாற்றினால் போதும். பங்காய் கார்டினல் வாங்குபவர்கள் பண்ணையில் பிறந்ததையே கேட்டு வாங்குங்கள். இந்தோனேசியாவின் பங்காய் தீவுகளையும் அவற்றை ஒட்டிய சிறு பகுதியையும் தவிர வேறெங்கும் இயல்பாக இல்லாத மீன் அது. மீன் வணிகத்துக்காகப் பிடித்தே அதன் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டார்கள். ஆண் மீன் முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கும் இனம் என்பதால் வீட்டிலேயே குஞ்சு பொரிக்கும். அதற்காகக் கடலில் கை வைக்கத் தேவையே இல்லை.

பாசி தின்னும் மீன்களில் மஞ்சள் டாங்கும் கோலே டாங்கும் என் தொட்டியின் உழைப்பாளிகள். மஞ்சள் டாங் இழைப்பாசியைக் கொத்தி எடுக்கும். கோலே டாங் மயிர் போன்ற பற்களால் பாறையின் மேல் படிந்த மெல்லிய படலத்தைத் துடைத்தெடுக்கும். இரண்டும் பவளத்தின் மேல் வாய் வைப்பதைக் கண்டால் பதறாமல் அருகில் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் அது பவளத்தின் செத்துப்போன அடிப்பகுதியில் முளைத்த பாசியாகத்தான் இருக்கும்.

ஃபாக்ஸ்ஃபேஸ் அப்படியல்ல. நம் கடற்கரையில் ஓரா என்று சொல்லும் மீனின் உறவுக்காரர் இவர். பாசி ஒழிப்பில் இவரை மிஞ்ச ஆளில்லை. வயிறு நிறைந்திருக்கும்வரை ஸோவாந்தஸைத் தொடமாட்டார். நோரி என்னும் உலர்ந்த கடற்பாசித் தாள் மாட்டாமல் வீட்டார் வெளியூர் போன ஒவ்வொரு முறையும் ஸோவாந்தஸ் கூட்டத்தின் ஓரம் மொட்டையாகியிருக்கிறது. தாள் மீண்டும் தொங்கத் தொடங்கியதும் கடி நின்றிருக்கிறது. ஆகவே இந்த மீனை வைத்திருப்பவர்கள் ஊருக்குப் போகும்போது தானியங்கி உணவுப்பெட்டியில் பாசி உருண்டை போட்டுவிட்டுப் போவது நல்லது. முதுகு முள்ளில் விஷம் உண்டு. தொட்டிக்குள் கைவிடும்போது அவர் எங்கே இருக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதிகம் பேர் கேட்பது குள்ள ஏஞ்சல் மீன்களைப் பற்றி. மார்ஷல் தீவுகளில் இருந்து வந்த ஒரு ஃபிளேம் ஏஞ்சலை நெடுங்காலம் வைத்திருந்தேன். தொடக்கத்தில் பல மாதங்கள் எந்தத் தொல்லையும் இல்லை. பிறகு டிராக்கிஃபில்லியாவின் விளிம்பில் வெள்ளையாக ஒரு கீறல் தெரிந்தது. கண்ணாடிக்கு அருகே அசையாமல் உட்கார்ந்து கவனித்தேன். அது சதையைக் கடிக்கவில்லை. பவளத்தின் மேல் சுரந்த சளியைத்தான் கொத்தியது. கொத்துப்பட்ட இடம் மேலும் சளி சுரந்தது, அதைத் தின்ன மீண்டும் வந்தது. இந்தச் சுழற்சியில் சதை தேய்ந்து, அடியில் இருந்த கல் வெளியே தெரியத் தொடங்கியது. அதே மீன் அக்ரோபோராவை ஒருநாளும் தீண்டவில்லை. டார்ச்சையும் விட்டுவிட்டது. உணவை நாளுக்கு நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுத்தபோது கொத்துவது குறைந்ததே தவிர நிற்கவில்லை. கடைசியில் அக்ரிலிக் பொறி வைத்துப் பிடித்து, பவளமே இல்லாத நண்பரின் தொட்டிக்கு அனுப்பினேன். அங்கே நலமாக இருக்கிறது. கிளைப் பவளம் மட்டுமே வளர்ப்பவர்களுக்கு ஃபிளேம் ஏஞ்சல் ஏற்ற மீன் என்பேன். மணலில் சதைப்பற்றுள்ள பவளமோ இராட்சதச் சிப்பியோ இருந்தால் வேண்டாம்.

வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல இனங்கள் பவளக் கூட்டத்தின் தனித்தனி உயிரான பாலிப்பை நம்பியே வாழ்பவை. அவற்றைத் தொட்டிக்குக் கொண்டுவந்தால் பவளத்தைத் தின்று முடிக்கும், அல்லது பட்டினியால் சாகும். விற்பதே தவறு என்பது என் உறுதியான கருத்து. காப்பர்பேண்ட் ஒரு விதிவிலக்கு. சிங்கப்பூரின் தென்தீவுத் திட்டுகளிலேயே இயல்பாக வாழும் மீன் அது. ஐப்டேசியா என்னும் களை அனிமோனைத் தேடித் தேடித் தின்னும். கூடவே அழகான குழாய்ப்புழுக்களையும் தின்றுவிடும். கடைக்காரரிடம் உணவு போடச் சொல்லி, அது தின்பதைக் கண்ணால் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.

இறால்களில் ஒரு ஏமாற்று நடக்கிறது. ஐப்டேசியாவைத் தின்னும் பெப்பர்மிண்ட் இறால் என்று சொல்லி ஒட்டக இறாலைக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு கடையில் எனக்கும் அப்படித்தான் பொட்டலம் கட்டினார்கள். பைக்குள் பார்த்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடையாளம் கடினமில்லை. பெப்பர்மிண்ட் இறாலின் உடல் கண்ணாடித் தன்மையோடு, நீளவாக்கில் மெல்லிய சிவப்புக் கோடுகளோடு இருக்கும். ஒட்டக இறாலின் முதுகு கூன் விழுந்து உயர்ந்திருக்கும். கண்கள் பெரியவை. அழுத்தமான சிவப்பின் மேல் வெள்ளைக் கோடும் புள்ளியும் இருக்கும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கூர்முனை மேலும் கீழும் அசையும். பெப்பர்மிண்டுக்கு அது அசையாது. நண்பர் ஒருவரின் தொட்டியில் இரவு சிவப்பு விளக்கைப் பிடித்துப் பார்த்தோம். ஒட்டக இறால்கள் ஸோவாந்தஸ் மேல் வரிசையாக நின்று பாலிப்புகளைக் கிள்ளிக்கொண்டிருந்தன. பகலில் ஒன்று கூட வெளியே தெரியவில்லை.

கிளீனர் இறால் பவளத்தைத் தின்னாது, ஆனால் அதன் வாய்ச் சோற்றைப் பறிக்கும். டிராக்கிஃபில்லியாவுக்கு மைசிஸ் என்னும் இறால் போன்ற சிற்றுயிரை ஊட்டினால், இறால் ஓடி வந்து சதையின் மேல் ஏறி நின்று, பவளத்தின் வாய்க்குள் கால்களை விட்டு உணவை வெளியே இழுத்துவிடும். இந்த இழுபறியில் பவளத்தின் வாயோரம் கிழியக்கூடும். பிளாஸ்டிக் பாட்டிலைப் பாதியாக வெட்டி, ஊட்டிய பவளத்தின் மேல் கவிழ்த்துவிடுகிறேன். விழுங்கி முடிக்கும்வரை கால் மணி நேரம் அப்படியே இருக்கட்டும். இலங்கைக் கடலில் இருந்து வரும் செந்நிற ஃபயர் இறால் கூச்ச சுபாவம் உடையது; அதனால் எனக்கு இந்தத் தொல்லை வந்ததில்லை.

நத்தைகளில் டிரோக்கஸ்தான் என் தேர்வு. கவிழ்ந்தால் தானே நிமிர்ந்துகொள்ளும். டர்போ நன்றாகப் பாசி தின்னும், ஆனால் ஒட்டாமல் வைத்த பவளத் துண்டுகளைத் தள்ளிக்கொண்டே போகும். டக்சிடோ என்னும் கடல் முள்ளெலி இன்னும் ஒரு படி மேல். சின்னத் துண்டுகளைத் தலையில் சுமந்துகொண்டு நடக்கும். துண்டுகளைப் பசை போட்டு ஒட்டிவிட்டால் இரண்டையும் தாராளமாக வைக்கலாம். துறவி நண்டுகள் பவளத்தைத் தொடாவிட்டாலும் ஓட்டுக்காக நத்தைகளைக் கொல்லும். ஆகவே நான் வைப்பதில்லை. குமிழ்ப் பாசிக்காக வாங்கும் எமரால்டு நண்டு சிறியதாக இருக்கும்வரை நல்லது. பெரிதான பிறகு பாலிப்பைக் கிள்ளுவதைக் கண்டேன். இப்போது அது கீழே வடிகட்டித் தொட்டியில் வாழ்கிறது. சாக்லேட் சிப் என்று விற்கும் நட்சத்திர மீனைப் பவளத் தொட்டிக்குள் விடவே கூடாது. மென்பவளம், பஞ்சுயிர் என்று பாராமல் மேல் ஏறிப் படுத்துத் தின்றுவிடும்.

நண்டு என்றாலே பிடித்து வெளியே எறிபவர்கள் பலர். பொசில்லோபோரா என்னும் கிளைப் பவளத்தின் கிளைகளுக்குள் இருக்கும் வழவழப்பான ஓடு கொண்ட டிரபீசியா நண்டை விட்டுவிடுங்கள். கடலில் முள்முடி நட்சத்திர மீனே வந்தாலும் கிள்ளி விரட்டித் தன் பவளத்தைக் காக்கும் உயிர் அது. காலில் அடர்ந்த மயிரும் கருத்த கொடுக்கு நுனியும் இருந்தால் மட்டும் அகற்றுங்கள்.

எந்த உயிரும் என் தொட்டிக்குள் நேரே போவதில்லை. மீன்களுக்கு ஒரு தனித்தொட்டி. வெண்புள்ளி நோய்க்கான தாமிர மருந்து அங்கேதான், ஏனென்றால் அந்த மருந்து பவளத்தையும் இறாலையும் கொன்றுவிடும். நத்தை ஓட்டில் அந்த நோயின் கூடு ஒட்டி வரக்கூடும் என்பதால் நத்தைகளும் இறால்களும் மீனில்லாத வேறொரு தொட்டியில் 76 நாள் இருக்கும். இப்போது மீன்களின் தனித்தொட்டியில் ஒரு ஜோடி வாட்டனாபே ஏஞ்சல்கள் இருக்கின்றன. ஏஞ்சல் குடும்பத்தில் பவளத்தை விட்டுவிட்டு நடுநீரில் மிதவை உயிர்களைத் தின்னும் பிரிவைச் சேர்ந்தவை. ஆழத்து மீன்கள் என்பதால் விளக்கை மங்கலாக வைத்திருக்கிறேன். உறைந்த மைசிஸைத் தயக்கமின்றி எடுத்துக்கொள்கின்றன. மருந்துக் காலம் முடிந்ததும் பெரிய தொட்டிக்கு மாற்றுவேன். முதல் சில வாரங்கள் மணலில் இருக்கும் டிராக்கிஃபில்லியாவின் விளிம்பைத்தான் தினமும் பார்ப்பேன்.