மதுரையில் குடியேற எந்தப் பக்கம்: பழைய நகரமா, வடகரையா, திருநகரா?

மாற்றலாகியோ, பிள்ளைகளின் படிப்புக்காகவோ மதுரைக்கு வருகிற குடும்பங்கள் முதலில் விசாரிப்பவை இரண்டு: வாடகை எவ்வளவு, வேலைக்குப் போகும் தூரம் எவ்வளவு. இவை கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் குடியேறி ஆறு மாதம் கழித்து அந்த வீட்டில் இருக்கலாமா, வேறு வீடு தேடலாமா என்று முடிவு செய்பவை வேறு இரண்டு என்பதே என் கருத்து: தண்ணீர் எப்படி வருகிறது என்பதும், வெளியூரிலிருந்து வந்த குடும்பத்தை அந்தத் தெரு எவ்வளவு சீக்கிரம் தன்னில் ஒன்றாக ஏற்றுக்கொள்கிறது என்பதும். இவ்விரண்டையும் முன்வைத்தே கோட்டைக்குள் இருந்த பழைய நகரத்தையும், வைகையின் வடகரையையும், தென்மேற்கில் திருநகர்ப் பக்கத்தையும் இங்கே ஒப்பிடுகிறேன்.

பழைய நகரம் என்றதும் மாசி வீதிகளை நினைத்துக்கொண்டு வீடு தேடுபவர்கள் ஏமாறுவார்கள். சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகளில் கடைகளும் கிட்டங்கிகளும் தங்கும் விடுதிகளுமே பெரும்பாலும் நிறைந்துவிட்டன. 1840களில் இடிக்கப்பட்ட கோட்டைச் சுவரும் அகழியும் இருந்த வட்டத்தில் அமைந்தவை வெளி வீதிகள். அவற்றை ஒட்டிய தெற்கு வாசல், மஹால், காஜிமார் தெரு, கீழவாசல் பகுதிகளின் சந்துகளில்தான் குடித்தனங்கள் இன்னும் அடர்த்தியாக இருக்கின்றன. அரை மணி நேர நடைக்குள் திருமலை நாயக்கர் மஹாலைச் சுற்றிய சௌராஷ்டிரக் குடும்பங்களையும், காஜிமார் பெரிய பள்ளிவாசலையும், கீழ வெளி வீதியின் புனித மரியன்னை பேராலயத்தையும் கடந்துவிடலாம். வீட்டுக்குள் சௌராஷ்டிரமும் வாசலில் தமிழுமாகப் பேசும் குடும்பத்துக்குச் சற்றுத் தள்ளித் தெலுங்கு பேசுவோரும், வடக்கிலிருந்து வணிகத்துக்கு வந்து தலைமுறைகளாகத் தங்கிவிட்டோரும் இருப்பார்கள். புதிதாக வருபவர் எந்த மொழிக்காரராக இருந்தாலும் இந்தத் தெருக்களுக்கு அது வியப்பான செய்தியே அல்ல.

இங்கே நடுத்தர வாடகைக்குப் பெரும்பாலும் கிடைப்பது காம்பவுண்டு வீடு. தெருவைப் பார்த்த ஒரே வாசல். அதற்குள் ஒரு டூவீலரைத் திருப்பக்கூட இடமில்லாத நடை. நடையின் இருபுறமும் வரிசையாக வீடுகள். கோடியில் பொதுவான குளியலறையும் கழிப்பறையும். நல்ல தண்ணீர் வரும் நேரத்தில் குழாயடியில் யாருடைய குடம் முன்னால், யாருடையது பின்னால் என்பதற்கு எழுதாத முறை ஒன்று உண்டு. புதிதாக வந்த பெண் தன் குடத்தை எங்கே வைப்பது என்று தயங்கி நிற்கும்போது, “இங்க வைங்கக்கா, அடுத்து நீங்கதான்” என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் அந்தக் காம்பவுண்டில் பாதிக் குடியேற்றம் முடிந்துவிடுகிறது. குழந்தையை விட்டுவிட்டு மருந்துக்கடைக்குப் போகலாம். ஊருக்குப் போனால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம். தனி வீடுகள் நிறைந்த காலனிகளில் இந்த நெருக்கம் உருவாக ஆண்டுக்கணக்கில் ஆகும்.

அதற்கான விலையும் உண்டு. கார் வைத்திருப்பவர் இந்தப் பகுதியை நினைக்கவே வேண்டாம். பீரோவையும் கட்டிலையும் சந்தின் முனையில் இறக்கித் தோளில் சுமந்தே உள்ளே கொண்டுபோக வேண்டும். சித்திரைத் திருவிழாவில் தேர் மாசி வீதிகளைச் சுற்றும் நாளில் அவசரமாக வெளியே செல்வது எளிதன்று. கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டிட உயரத்துக்கு 9 மீட்டர் வரம்பு இருப்பதால், லிஃப்ட் வைத்த அடுக்குமாடி வீட்டை இங்கே தேடுவது வீண் அலைச்சல்.

பழைய நகரத்தைப் பற்றி மனம் நொந்து சொல்ல வேண்டிய ஒன்றும் இருக்கிறது. தெரு கலந்திருக்கிறது என்பதால் காம்பவுண்டும் கலந்திருக்கும் என்று எண்ணிவிட முடியாது. “சொந்த ஊர் எது? நீங்க என்ன ஆளுக?” என்ற கேள்வியும், “சைவம்தானே?” என்ற கேள்வியும் வாடகையைச் சொல்வதற்கு முன்பே வந்துவிடுகின்றன. இதில் மூன்று பகுதிகளும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல; நேராக மறுக்காமல், “வீட்டைச் சொந்தக்காரங்களுக்கே கேட்டிருக்காங்க” என்று அனுப்பிவிடும் வழக்கம் எங்கும் உண்டு. வீட்டுக்காரர் அதே வளாகத்தில் குடியிருந்தால் இந்தக் கேள்விகள் கூடுகின்றன; மருத்துவமனை, கல்லூரி, நீதிமன்றம் ஆகியவற்றை நம்பி வாடகை வீடுகள் எழும்பிய இடங்களில் குறைகின்றன. வடகரையை நான் முன்னே வைப்பதற்கு முதற்காரணம் இதுவே.

வடகரையின் அமைப்பே வெளியூர்க்காரர்களால் ஆனது. கோரிப்பாளையத்தில் அரசு இராஜாஜி மருத்துவமனையும் தர்காவும், அருகிலேயே 1881இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரியும், 1948இல் தொடங்கிய லேடி டோக் கல்லூரியும் இருக்கின்றன. ஆட்சியர் அலுவலகம் இக்கரையில் இருக்கிறது. அண்ணா நகரில் அரவிந்த் கண் மருத்துவமனை. உலகனேரியில் உயர்நீதிமன்றக் கிளை 2004 ஜூலையில் செயல்படத் தொடங்கிய பின் வழக்கறிஞர் குடும்பங்களும் நீதிமன்ற ஊழியர்களும் கே.கே. நகர், ஒத்தக்கடை வரை வீடு தேடி வந்தார்கள். தமிழகத்தின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. காய்கறிச் செலவைக் கணக்குப் பார்க்கும் குடும்பத்துக்கு அது நடை தூரத்தில் இருப்பது மாதந்தோறும் பயன் தரும். வெளியூர் செல்வோருக்கு மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையமும் பக்கம்.

இவற்றுள் எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது கே.புதூர். லூர்து அன்னை ஆலயம், பள்ளிவாசல், அம்மன் கோயில்கள், அல் அமீன் பள்ளி, தொழிற்பேட்டை எல்லாம் ஒன்றையொன்று ஒட்டி இருப்பதால், வேலைக்காரர்களும் ஆசிரியர்களும் சிறுதொழில் நடத்துவோரும் ஒரே கடைத்தெருவைப் பயன்படுத்துகிறார்கள். கே.கே. நகரிலும் அண்ணா நகரிலும் வீடு நல்லதாகக் கிடைக்கலாம், ஆனால் வாடகை கூடுதல். வாசற்கதவுகளும் பெரும்பாலும் சாத்தியே இருக்கும். புதூரில் அதே தூரத்துக்குக் குறைந்த வாடகையும் கூடுதலான பேச்சும் கிடைக்கின்றன. 2023இல் நத்தம் சாலை மேம்பாலமும், அதே ஆண்டில் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறக்கப்பட்ட பின் படிக்கிற பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு இப்பக்கம் மேலும் பொருத்தமாகிவிட்டது.

வடகரையில் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டியது மழைநீர். நகரம் கண்மாய்களின்மேல் பரவியது இக்கரையில் கண்கூடு. உயர்நீதிமன்றக் கிளை நிற்பதே உலகனேரிக் கண்மாயில்தான். 2024 அக்டோபர் இறுதியில் கொட்டிய மழையில் செல்லூர்க் கண்மாயும் பந்தல்குடி வாய்க்காலும் நிரம்பி வழிந்து செல்லூர், நரிமேடு பக்கத்துத் தெருக்களுக்குள் தண்ணீர் புகுந்தது. தரைத்தள வீட்டைப் பார்க்கும்போது சுவரின் அடிப்பகுதியில் புதுப் பெயிண்டுக்குக் கீழே ஈரக் கோடு தெரிகிறதா என்று கவனியுங்கள், வீட்டுக்காரரைக் கேட்பதைவிட எதிர்ப் பெட்டிக்கடைக்காரரிடம், “அந்த மழைக்கு இங்க எவ்வளவு உயரம் நின்றது?” என்று கேட்பது நல்லது.

திருநகர்ப் பக்கம் வேறு வகை. பழங்காநத்தம், டி.வி.எஸ். நகர், பசுமலை வழியாகத் திருப்பரங்குன்றத்தைத் தாண்டினால் நேரான, அகலமான தெருக்களும் மரங்களும் கொண்ட திருநகரும், ஆலைத் தொழிலாளர்களுக்காக உருவான ஹார்விபட்டியும் வருகின்றன. ஓய்வு பெற்றோருக்கும், காலையில் நடக்க அமைதியான தெரு வேண்டுவோருக்கும், வீடு வாங்கியே தீர்வது என்று முடிவெடுத்தோருக்கும் இதைவிட நல்ல இடம் மதுரையில் குறைவு. தியாகராசர் பொறியியல் கல்லூரி அருகில். விமான நிலையத்துக்கும் நகருக்குள் புகாமல் செல்லலாம். ஆனால் முகூர்த்த நாளில் திருப்பரங்குன்றத்துக் கல்யாணக் கூட்டம் சாலையை அடைத்துவிடும். அன்று வடகரை அலுவலகத்துக்குப் போக வேண்டியவர் மிகவும் சிரமப்படுவார். திருநகர், ஹார்விபட்டி, அவனியாபுரம் ஆகியவை 2011இல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தவை. ஆகவே பாதாளச் சாக்கடை இணைப்பு அந்த வீட்டுக்கு உண்மையில் கொடுக்கப்பட்டுவிட்டதா, இன்னும் செப்டிக் டேங்க்தானா என்று வீடு வீடாகவே கேட்க வேண்டும். தோப்பூர் எய்ம்ஸ் மருத்துவமனையைக் காட்டி இதற்கும் அப்பால் மனை விற்கும் புரோக்கர்களின் பேச்சை நம்பி, பள்ளியும் பேருந்தும் இல்லாத இடத்தில் உடனே குடியேறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தண்ணீர் விஷயத்தில் பகுதியைவிட வீடே முக்கியம். மாநகராட்சி நல்ல தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த நேரத்தில், வாசல் குழாயிலா மாடித் தொட்டிக்கா என்று கேளுங்கள். பிறகு குளியலறைக்குள் சென்று குழாயின் வாயைப் பாருங்கள். அங்கே வெள்ளையாகக் காரை கட்டி, வாளியின் உள்விளிம்பிலும் அதே வெள்ளை படிந்திருந்தால் போர் தண்ணீர் கடும் உப்பு. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, குடிப்பதற்குக் கேன் வாங்கியே ஆக வேண்டும். இந்தச் சோதனையில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் சுற்றுப்புறம் நன்றாகத் தேறுகிறது. பனையூர்க் கால்வாய் வழியாக வைகை நீர் வந்து குளம் நிறைந்திருக்கும் ஆண்டுகளில் அங்கே நிலத்தடி நீர் எளிதில் இறங்குவதில்லை. பழைய நகரத்துக்குக் கிழக்கே, தென்கரையிலேயே ஓரிடம் வேண்டுவோர் அதையும் பார்க்கலாம்.

எனவே, மதுரை பழக்கமில்லாத குடும்பம், அதிலும் மதமோ மொழியோ காரணமாக வேறிடத்தில் வீடு மறுக்கப்பட்ட அனுபவம் உள்ள குடும்பம், முதலாண்டில் கே.புதூரில் வாடகைக்கு இருப்பதே நல்லது என்பேன். தனியாக வேலைக்கு வருபவரும் கார் இல்லாத இளம் தம்பதியும் தெற்கு வாசல் பக்கம் முயலலாம். திருநகரை வாங்கும் எண்ணத்தோடு இரண்டாம் ஆண்டில் பார்க்கலாம்.

எங்கே எடுத்தாலும் எழுத்து முக்கியம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி எழுத்து வடிவ ஒப்பந்தம் கட்டாயம். வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரையில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. மின்சாரத்துக்குத் தனி மீட்டர் இருக்கிறதா, யூனிட்டுக்கு வீட்டுக்காரர் சொல்லும் கணக்கா என்பதையும் அதில் எழுதிவிடுங்கள். மதுரையில் ஒத்திக்கும் வீடுகள் நிறையக் கிடைக்கின்றன. சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையின்றி இருந்து, காலம் முடிந்ததும் பணத்தைத் திரும்பப் பெறும் ஏற்பாடு அது. சேமிப்பு உள்ளவருக்கு லாபம்தான். ஆனால் வெறும் பத்திரத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுக்காதீர்கள். முதலில் வில்லங்கச் சான்று எடுங்கள். வீட்டின் மூலப் பத்திரம் வங்கியில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒத்திப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த பிறகே பணம் கைமாறட்டும். பதிவுக்கு வீட்டுக்காரர் தயங்கினால், வீடு எவ்வளவு பிடித்திருந்தாலும் அதை விட்டுவிட்டு அடுத்த தெருவில் தேடுங்கள்.