ஏழு வருஷக் கீசர்: காயிலும் எர்த்தும்

பெங்களூர் அல்சூரில் வாடகை வீட்டுக்கு வந்தபோது வாங்கிய 25 லிட்டர் கீசருக்கு ஏழு வருஷம் முடிந்துவிட்டது. தண்ணீரைச் சூடாக்குவது 2 கிலோவாட் காயில். டிசம்பர் குளிரிலும் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடினால் ஆளுக்கு ஒரு பக்கெட் என்று மூன்று பேர் குளிக்கலாம், ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் கூட ஆகும். சூட்டில் குறையே இல்லை.

மூன்றாம் வருஷம் ஒரு காலையில், "குழாயைத் தொட்டா சுர்ருங்குதுடா" என்றார் அம்மா. டெஸ்டரை வைத்தேன், அதன் விளக்கு எரிந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் சாக்கெட்டைக் கழற்றிக் காட்டினார்: கசியும் கரன்ட்டைப் பூமிக்குக் கொண்டுபோக வேண்டிய பச்சை எர்த் ஒயர் எதிலும் சேராமல், முனை மடங்கிப் பெட்டிக்குள் கிடந்தது. மூணு பின் பிளக் மாட்டி மூன்று வருஷமாக எர்த்தே இல்லாமல் குளித்திருக்கிறோம்.

லோடு விஷயத்தில் தப்பில்லை. 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கும் குறைவு. 2.5 சதுர மி.மீ. ஒயர், 16 ஆம்பியர் எம்.சி.பி. (கரன்ட் அளவு மீறினால் தானே விழுந்து இணைப்பை நிறுத்தும் சுவிட்ச்), எல்லாம் சரி. ஆனால் எம்.சி.பி. விழ 16 ஆம்பியரைத் தாண்ட வேண்டும். ஆளைக் கொல்ல அதில் நூற்றில் ஒரு பங்கு கூட வேண்டாம்.

எர்த்தைச் சேர்த்து, கரன்ட் வெளியே கசிந்தால் உடனே விழும் சுவிட்சான 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போட்டோம். கீசரைப் போட்டதுமே அது விழுந்தது. காயிலை வெளியே எடுத்தால், போர் தண்ணீரின் சுண்ணாம்பு முட்டை ஓடு மாதிரி சுற்றிப் படிந்திருந்தது. சுரண்டியதும் அடியில் முடி கனத்துக்கு ஒரு விரிசல். உள்ளே கம்பியைச் சுற்றி இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பொடி காய்ந்திருக்கும் வரைதான் கரன்ட்டைத் தடுக்கும். ஈரம் இறங்கினால் கசிவு தண்ணீருக்கும் டேங்குக்கும் வந்துவிடும்.

ஆர்.சி.சி.பி. இருந்தால் எர்த் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். எர்த் இருந்தால் கசிவு அந்த வழியே போய், யாரும் தொடுவதற்கு முன்பே ஆர்.சி.சி.பி. விழும். இல்லாவிட்டால் ஒருவர் ஈரக்கையோடு தொட்ட பிறகுதான் விழும். இரண்டும் வேண்டும்.

இப்போது வருஷத்துக்கு ஒரு தடவை காயிலைக் கழற்றிச் சுத்தம் செய்கிறோம், டேங்க் துருப்பிடிக்காமல் இருக்கத் தான் கரையும் ஆனோடு ராடு கரைந்திருந்தால் அப்போதே மாற்றுகிறோம். மாதம் ஒரு முறை ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அம்மாவே அழுத்திப் பார்க்கிறார். அப்புறம், எலக்ட்ரீஷியன் வந்த அன்றே மாடி வீட்டுச் சாக்கெட்டையும் திறக்கச் சொன்னேன். அங்கேயும் பச்சை ஒயர் மடங்கித்தான் கிடந்தது. ஓனரிடம் சொல்லி அதையும் சேர்த்தாயிற்று.