தெர்மாகோலா, ஸ்பிரே ஃபோமா, கார்க் பட்டையா: ஊர்வனத் தொட்டியின் பின்சுவருக்கு எது ஏற்றது?

கண்ணாடித் தொட்டியில் வாழும் பல்லிக்கு நான்கு பக்கமும் திறந்து கிடந்தால், அது ஒளிய இடம் தேடியே அலைந்துகொண்டிருக்கும். பின்பக்கத்தைப் பாறைபோலவோ மரப்பட்டைபோலவோ அமைத்து மூடிவிட்டால் முதுகுக்கு ஒரு காப்பும், ஏறவும் பதுங்கவும் ஓர் இடமும் அதற்குக் கிடைத்துவிடுகின்றன. எனவே பின்சுவர் என்பது நம் கண்ணுக்கான அலங்காரம் மட்டும் அன்று. அந்த விலங்கு ஆண்டுக்கணக்கில் நக்கியும் கீறியும் உரசியும் வாழப்போகும் சுவர் அது என்பதால், எந்தப் பொருளால் செய்வது என்ற கேள்வியை அழகை வைத்து முடிவு செய்யக் கூடாது.

பொதுவாகக் கையாளப்படும் பொருள்களை இரண்டு விலங்குகளை மனத்தில் வைத்து ஒப்பிடுகிறேன். ஒன்று, ஆஸ்திரேலிய வறண்ட நிலத்து ஓணானான பியர்டட் டிராகன். வெயில் காயும் மேடையில் சுமார் 40 டிகிரி செல்சியஸ் வெப்பமும் உலர்ந்த காற்றும் அதற்கு வேண்டும். மற்றொன்று, நியூ கலிடோனியாவின் மரப்பல்லியான கிரெஸ்டட் கெக்கோ. இதற்கு 22 முதல் 26 டிகிரி வரையிலான மிதமான வெப்பமும், நாள்தோறும் நீர் தெளிப்பதால் வரும் ஈரமும் தேவை. ஒன்றுக்குப் பொருந்தும் சுவர் மற்றதற்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை.

தெர்மாகோல் எளிதில் கிடைக்கும், விலை குறைவு, கத்தியாலேயே செதுக்கலாம். பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செதுக்கினால் அடுக்குப் பாறையின் தோற்றம் இயல்பாகவே வந்துவிடும். மணி மணியாக உதிர்வதுதான் அதன் குறை. பூச்சு ஓரிடத்தில் பெயர்ந்தால் போதும், பியர்டட் டிராகன் அந்த வெள்ளை மணிகளை இரையென்று கொத்திவிடும்; குடலில் அடைப்பு உண்டாகலாம். கரைப்பான் கலந்த ஸ்பிரே பெயின்ட் பட்டாலோ தெர்மாகோல் நீரில் இட்ட சர்க்கரைபோல உள்வாங்கிக் குழியாகிவிடும். ஆகவே நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தைத் தவிர வேறெதையும் அதன்மேல் பூசக் கூடாது. கட்டட வெப்பக்காப்புக்கென விற்கும் எக்ஸ்.பி.எஸ். பலகையும் தெர்மாகோலைப்போலவே பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்தான். ஆனால் அதில் மணிகள் கிடையா, நெருக்கமாகவும் உறுதியாகவும் இருக்கும். விலை சற்றுக் கூடினாலும், இரண்டும் கிடைக்கும் ஊரில் நான் இதையே எடுப்பேன்.

பி.யூ. (பாலியூரித்தேன்) ஸ்பிரே ஃபோமின் இயல்பு வேறு. குப்பியிலிருந்து பீய்ச்சியதும் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து பொங்கி, மரவேர்போலவும் மண்மேடுபோலவும் தானாகவே வடிவம் கொள்ளும். கிளைகளையும் பூந்தொட்டிகளையும் அதற்குள் புதைத்துவிடலாம் என்பதால் ஈரக்காட்டுத் தொட்டிக்கு இதைவிட வசதியான பொருள் இல்லை. ஆனால் இறுகாத ஃபோமில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது மூச்சுக்குழலை உறுத்தும், சிலருக்கு ஆஸ்துமாவையும் தூண்டும். கையுறை அணிந்து, வீட்டுக்கு வெளியே, விலங்கு இல்லாத இடத்தில்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

என் முதல் முயற்சியில் ஒரே மூச்சில் நான்கு அங்குல உயரத்துக்குப் பீய்ச்சிவிட்டேன். மறுநாள் தட்டிப் பார்த்தபோது மேல்தோல் முறுகிக் கெட்டியாக இருந்தது. செதுக்கக் கத்தியை இறக்கியதும் நடுவில் வெல்லப்பாகுபோலப் பிசுபிசுவென்று ஒட்டியது. ஈரக்காற்று உள்ளே எட்டாததால் அந்தப் பகுதி இறுகவே இல்லை. அப்படியே மேலே பூசி மூடியிருந்தால், மூடிய தொட்டிக்குள் அந்த ஆவி கசிந்துகொண்டே இருந்திருக்கும். அதன்பின் ஓர் அங்குலத்துக்கு மேல் ஒரே அடுக்காகப் போடுவதில்லை. அடுக்குகளுக்கு இடையே சிறிது நீர் தெளித்து, ஒவ்வொன்றையும் ஒரு நாள் காயவிடுகிறேன்.

உண்மையில், எந்த ஃபோம் என்பதைவிட அதன்மேல் என்ன பூசுகிறோம் என்பதே விலங்கின் பாதுகாப்பைத் தீர்மானிக்கிறது. பியர்டட் டிராகனின் நகத்துக்குத் தாங்குவது டைல்ஸ் இடுக்கில் பூசும் சிமென்ட் கிரவுட்; பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காததாகப் பார்த்து வாங்க வேண்டும். முதல் பூச்சைத் தண்ணீராகக் கரைத்து இடுக்குகளுக்குள் இறங்கவிட்டு, பிறகு மூன்று பூச்சுகளைச் சற்றுக் கெட்டியாக, ஒவ்வொன்றும் நன்கு காய்ந்தபின் பூசினால், சுவரைத் தட்டும்போது கல்லின் ஓசை கேட்கும். சிமென்ட் காரத்தன்மை உடையது. பலமுறை நீர் ஊற்றிக் கழுவிய பின்னரே நீரில் கரையும் வார்னிஷ் பூசி அடைக்க வேண்டும். கெக்கோவின் ஈரத் தொட்டியிலோ நாளடைவில் கிரவுட் வெடிப்பதைக் கண்டிருக்கிறேன். அங்கே பூஞ்சைத் தடுப்பு சேர்க்காத தூய சிலிகானை ஃபோமின்மேல் தடவி, ஈரமாக இருக்கும்போதே தென்னை நார்த்தூளை அழுத்திப் பதிப்பது மேல். பாசியும் பின்னர் அதில் பற்றி வளரும். தச்சு வேலைக்கான வெள்ளைப் பசை நீரில் இளகிவிடும் என்பதால் இந்த இடத்துக்கு ஆகாது.

வெப்பத்தைப் பொறுத்தவரை இரண்டு ஃபோம்களுமே எச்சரிக்கைக்கு உரியவை. பாலிஸ்டைரீன் சுமார் 80 டிகிரிக்கு மேல் தொடர்ந்து தாங்காது. வெயில் காயும் மேடையின் 40 டிகிரி அதற்கு ஒரு பொருட்டன்று. ஆனால் செராமிக் ஹீட்டரின் மேற்பரப்பு 200 டிகிரியையும் தாண்டும். எனவே விளக்குக்கு நேர் கீழும் பக்கத்திலும் சுவரை உயர்த்தாமல், அந்த மூலையில் உண்மையான கல்லை வைத்துவிடுவதே நல்லது. பின்கண்ணாடியில் வெப்பப் பாய் ஒட்டியிருந்தால் அதன்மேல் ஃபோம் சுவர் வைக்கவே கூடாது. வெப்பம் உள்ளே போகாமல் கண்ணாடிக்கும் ஃபோமுக்கும் இடையே தேங்கும், கண்ணாடி வெடிக்கவும் கூடும்.

பலர் கவனிக்காமல் விடுவது இரைப் பூச்சிகளை. சுவரின் ஓரத்தை நான் சிலிகானால் அடைக்காமல் விட்ட ஒரு தொட்டியில், தப்பிய சுவர்க்கோழிகள் பின்னால் புகுந்து ஃபோமைக் குடைந்து, இரவெல்லாம் அங்கிருந்தே கத்தின. மீல்வோர்ம் புழுக்கள் பாலிஸ்டைரீனைத் தின்று செரிக்கவே செய்யும் என்று 2015இல் ஸ்டான்ஃபோர்ட், பெய்ஹாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்தப் புழுவைத்தான் நாம் ஓணானுக்கு ஊட்டுகிறோம். ஆகவே விளிம்பு, அடிப்பகுதி, பின்பக்கம் என எங்கும் ஃபோம் வெளியே தெரியக் கூடாது. புழுவைக் கிண்ணத்தில் வைத்தே கொடுக்க வேண்டும்.

இவ்வளவு பாடு வேண்டாம் என்பவர்களுக்குக் கார்க் பட்டை இருக்கிறது. கார்க் ஓக் மரத்தின் தோலான அது ஈரத்தில் எளிதில் மக்காது, நகத்துக்குப் பிடிமானம் தரும், விழுங்கும்படியான பூச்சோ வேதிப்பொருளோ அதில் இல்லை. விலை அதிகம், நினைத்த வடிவமும் கிடைக்காது. இருந்தும், பூச்சைக் கீறிப் பெயர்க்கும் அளவுக்கு வலுவான உடும்பு இனங்களுக்கும், முதன்முறையாகத் தொட்டி அமைப்பவர்களுக்கும் நான் இதையே சொல்வேன். பியர்டட் டிராகனுக்கு எக்ஸ்.பி.எஸ். பலகையும் கிரவுட்டும், கெக்கோவுக்கு ஸ்பிரே ஃபோமும் நார்த்தூளும் என்பது என் தேர்வு.

எதைச் செய்தாலும், முடித்த சுவரைக் குறைந்தது இரண்டு வாரம் காற்றில் வைக்க வேண்டும். பிறகு தொட்டிக்குள் பொருத்தி, விளக்கைப் போட்டு, கதவை ஒரு நாள் முழுக்க மூடிவைத்துவிட்டுத் திறந்து முகர்ந்து பாருங்கள். வார்னிஷின் நெடியோ சிலிகானின் புளித்த வாடையோ சிறிதளவு வந்தாலும் இன்னும் ஒரு வாரம் பொறுக்க வேண்டும். அதுவரை ஓணான் பழைய தொட்டியிலேயே இருக்கட்டும்.