எங்க ஏரியா கேபிள் சேனல்: எல்லாமே நேரலையாம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு வரும் கேபிள் இணைப்போடு ஒரு உள்ளூர் சேனலும் சேர்ந்து வருகிறது. பெயரைச் சொல்லப் போவதில்லை, ஆபரேட்டர் தெரிந்தவர், மாசாமாசம் முகம் பார்க்கணும். நாலு வருஷமாகப் பார்க்கிறேன், ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம். மீதி இரண்டரை எங்கே போனது என்பதற்கு முதலில் எங்கள் அண்ணி கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு, போன் போட்டுப் பாட்டுக் கேட்கும் நிகழ்ச்சி. மூலையில் சிவப்பு எழுத்தில் ‘நேரலை’ மின்னும், கீழே போன் நம்பர் ஓடும். போன மாதம் ஒரு ஞாயிறு, கூடத்தில் எல்லாரும் தட்டோடு உட்கார்ந்து சங்கரா மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம், டிவியில் தொகுப்பாளினி “வணக்கம், யார் பேசுறீங்க?” என்கிறார், பதில் சொல்வது எங்கள் அண்ணியின் குரல். அண்ணியோ என் பக்கத்தில் உட்கார்ந்து பையனுக்கு முள் எடுத்து ஊட்டிக்கொண்டிருக்கிறார். “இன்னிக்கு வீட்ல என்ன சமையல்?” “வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம்.” அம்மா தட்டைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், “ஏம்மா, அப்ப இது என்ன?” என்றார்.

விஷயம் இதுதான். வியாழக்கிழமையே அவர்கள் ஆபீசிலிருந்து அண்ணிக்குப் போன் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைன்னு நெனச்சுப் பேசுங்க என்றார்களாம், சமையல் கேள்வி வந்ததும் மறந்துபோய் அன்றைக்கு வைத்த குழம்பைச் சொல்லிவிட்டார். எனக்குப் பிடித்த இடம் வேறு. பேச ஆரம்பித்ததும் “டிவி சத்தத்தக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க” என்று சொன்னார்களே, அதையும் வியாழக்கிழமையே சொன்னார்களாம். நிஜமான நேரலையில் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, வீட்டு டிவியின் ஒலி போனுக்குள் புகுந்து மறுபடி ஒளிபரப்பில் கேட்டுக் கீச்சிடும். அண்ணி பேசும்போது வீட்டில் டிவியே ஓடவில்லை!

சரி, பதிவு செய்து போடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. தீபாவளிப் பட்டிமன்றத்தை ரெண்டு மூணு வாரம் முன்னாடியே எடுத்துவிடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும், பட்டுப்புடவையோடு வந்து “காலைல எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சாச்சா?” என்று கேட்டால் சிரித்துவிட்டு அதிரசத்தை எடுத்துக்கொள்கிறோம். அம்மா சின்ன வயதில் இலங்கை வானொலிக்குத் தபால் அட்டையில் பாட்டு எழுதிப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தவர். அதில் ஏமாற்று எதுவும் கிடையாது, கடிதம் போய்ச்சேர நாளாகும் என்று கேட்பவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும்.

2007 ஜனவரியில் இந்தியா வெஸ்ட் இண்டீஸ் ஒருநாள் போட்டிகள் நடந்தபோது ஒளிபரப்பு உரிமைத் தகராறு கோர்ட்டுக்குப் போய், தூர்தர்ஷன் ஏழு நிமிடம் தாமதமாகக் காட்டலாம் என்று உத்தரவானது. கேபிள் வைத்திருந்த வீட்டில் “அவுட்” என்று கத்தினால் தூர்தர்ஷன் பார்த்தவர்கள் ஏழு நிமிடம் கழித்து அதே விக்கெட்டுக்குக் கத்தினார்கள். எரிச்சல்தான், ஆனால் தாமதம் என்று ஊருக்கே தெரியும்.

அமெரிக்க ஒளிபரப்பு விதிகளில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. நேரம் முக்கியமான நிகழ்ச்சி என்றாலும், இந்த நிமிடமே நடக்கிறது என்ற தோற்றத்தை வேண்டுமென்றே கொடுத்தாலும், இது பதிவு என்று தொடக்கத்திலேயே அறிவிக்க வேண்டும். நாடகம், சினிமாவுக்கெல்லாம் அந்தத் தலைவலி கிடையாது. இங்கிலாந்தில் பிபிசி வானொலியில் எங்கள் ஊர்க் கதையே நடந்தது: பதிவு செய்த நிகழ்ச்சியை நேரலை மாதிரி ஒலிபரப்பி, போட்டிக்குப் போன் போடும் நேயர்களாக அங்கே வேலை பார்ப்பவர்களையே பேசவிட்டிருக்கிறார்கள். அதையும் அது போன்ற வேறு சில நிகழ்ச்சிகளையும் சேர்த்து 2008இல் 4 லட்சம் பவுண்டு அபராதம் விழுந்தது. நம்ம சேனல் பரவாயில்லை, அண்ணி நிஜமான ஆள்.

பாட்டு நிகழ்ச்சி மட்டும் என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன். மாசி மகத்தன்று பன்னிரண்டரை மணிக்கு, தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் தீர்த்தவாரி என்று அதே சிவப்பு ‘நேரலை’யோடு காட்டினார்கள். கடற்கரை முழுக்கக் கூட்டம், மேளம், வரிசையாகச் சாமிகள். முட்டி வலியால் காலையில் போகாமல் இருந்த அம்மா, இன்னும் நடக்குதே என்று கிளம்பிவிட்டார். ஆட்டோ பிடித்துப் போனோம். போனால் சாமிகள் எப்போதோ கிளம்பிவிட்டன, பஞ்சுமிட்டாய்க்காரர் கம்பை மடக்கிக்கொண்டிருந்தார், வெயில் மண்டையைப் பிளந்தது. அம்மா காலை மட்டும் நனைத்துவிட்டுத் திரும்பி வந்தார். ஆட்டோவுக்குப் போக வர முந்நூறு ரூபாய்.

இன்னொன்று மழைக்காலம். 2011 டிசம்பர் 30 தானே புயலைப் பார்த்த ஊர் இது, துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறது என்பது இங்கே பொழுதுபோக்குச் செய்தி இல்லை. போன நவம்பரில் காலையில் காட்டிய அலையையே சாயங்காலமும் ‘நேரலை’ என்று ஓட்டினார்கள். எப்படித் தெரியும் என்றால், சிவப்புச் சட்டை போட்ட ஒருவர் குடை திரும்பிக்கொண்டு தடுமாறுவார், சாயங்காலமும் அதே ஆள் அதே இடத்தில் தடுமாறினார். அவரைப் பார்த்து நாங்கள் சிரித்தோம்தான். கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று பார்க்கிறவர் சிரிக்க முடியாது.

அப்புறம் நான் கொடுத்த அந்த இரண்டரை நட்சத்திரம் எதற்கு என்றால். பாடலீஸ்வரர் கோயில் தேரைப் பெரிய சேனல் எதுவும் முழுசாகக் காட்டாது, இவர்கள் காட்டுவார்கள். நாளைக்கு எந்தத் தெருவில் கரண்ட் கட், எந்த வீட்டில் காது குத்து, யார் காலமானார் எல்லாம் கீழே ஓடும். எங்கள் பெரியப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு நெல்லிக்குப்பத்திலிருந்து ஆள் வந்ததே அந்த வரியைப் பார்த்துத்தான். படம் சில சமயம் பச்சையடிக்கும், போன் செய்தால் ஒரு மணி நேரத்தில் ஆள் வந்துவிடுகிறது. அதில் குறை இல்லை.

மாதப் பணம் வாங்க வந்த தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். “அக்கா, பதிவுன்னு போட்டா யாருக்கா உட்காந்து பார்ப்பாங்க? விளம்பரக்காரங்களும் நேரலையான்னுதான் கேக்குறாங்க” என்றான். பதிவு என்று தெரிந்தேதான் எங்கள் வீட்டில் அண்ணி பேசியதை மறுஒளிபரப்பிலும் உட்கார்ந்து பார்த்தோம் என்றேன். ஓனரிடம் சொல்கிறேன் என்று இருநூற்றைம்பது ரூபாயை வாங்கிக்கொண்டு போனான். மூலையில் ‘பதிவு’ என்று ஒரு வார்த்தை, போன் நம்பருக்குப் பக்கத்தில் எந்தக் கிழமை எத்தனை மணிக்குக் கூப்பிட வேண்டும் என்று ஒரு வரி, இவ்வளவுதான் கேட்டேன். அது வந்தால் இன்னொரு நட்சத்திரம் கொடுத்துவிடுவேன்.

போன ஞாயிறும் அந்தச் சிவப்பு எழுத்து அங்கேயேதான் மின்னியது. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒவ்வொரு ஞாயிறும் ஒரு மணியிலிருந்து ரெண்டு மணி வரை அந்த நம்பருக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறார், ரிங் போகுது, எடுக்க மாட்டேங்குறாங்க, லைன் கிடைக்கிறவங்களுக்கு அதிர்ஷ்டம் என்கிறார். அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.